கருங்கல் தரை வீட்டுக்குப் பெண் அனுப்பாத சம்பந்தி

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றுக் காலி செய்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண்.

“சார், புது மீட்டர் வந்திருக்குது சார். சத்தமே போடாது. எல்லாம் நல்லா இருந்தா ஸ்கிரீன்ல பச்சையா ஒரு மூஞ்சி சிரிக்குது. இல்லன்னா செவப்பா மொறைக்குது” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மீட்டர் சிரிக்கலாமா? கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கவா அதை வாங்கினார்கள்? எண்ணைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதுதான் அதற்கு அழகு. நான் இரண்டு வார்த்தை திட்டியதும் நித்யா சமாதானத்துக்கு வந்தாள். “கோச்சுக்காதீங்க சார். அந்தத் திண்டிவனம் கதைய எழுதிக் குடுங்க. புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்” என்றாள். அந்தக் கதையை டீக்கடையில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும் சொல்கிறேன் என்பது என் மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு. எழுதிவிட்டால் ஒரே மாதிரி நின்றுவிடும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

வீடு வீடாகப் போய்க் கதிர்வீச்சு அளப்பது என் வேலை. விழுப்புரத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் பிரிவு இருந்தது. ஒரு ஜீப், ஒரு மேடம், ஒரு மீட்டர், நான். ஜீப்பை ஓட்டியதும் நானே. செங்கல், மணல், சிமெண்ட், ஜல்லி, கருங்கல் எல்லாம் மண்ணிலிருந்து வந்தவை. மண்ணில் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. அது சுவரிலும் இருக்கும், சோற்றிலும் இருக்கும், நம் உடம்பிலும் இருக்கும். பயப்படும் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். என் சர்வீஸ் முழுவதிலும் பயப்படும் அளவுக்கு இருந்தவை மனிதர்களின் வாய்கள்தாம்.

பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே சாம்பார் நன்றாக இருந்தது. மற்றதையெல்லாம் செல்வமேரி மேடத்திடம்தான் கற்றேன்.

மேடம் எங்கள் பிரிவின் தலைவி. குள்ளமான உருவம், காட்டன் புடவை, எந்நேரமும் கையில் ஒரு கறுப்புக் குடை. எந்த வீட்டுக்குப் போனாலும் உடனே உள்ளே நுழைய மாட்டார். “முதல்ல வாசல்” என்பார். தெருவில் சுவர்களை விட்டுத் தள்ளி, மீட்டரை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எண் ஏறும், இறங்கும், ஆடும். அது ஆடி ஓயும் வரை மேடம் எனக்குக் குடை பிடிப்பார். எனக்கு என்றால் மீட்டருக்கு. வெயில் மீட்டர் மேல் படக்கூடாது, என் மேல் படலாம். வாசல் எண் கிடைத்த பிறகு கூடம். கூடத்தின் நடுவில், பிறகு ஒவ்வொரு சுவரருகிலும், பிறகு தரையருகில். ஒவ்வோர் இடத்திலும் பலமுறை பார்த்துச் சராசரி எடுப்பார். யார் என்ன கேட்டாலும் “எண் நின்ன பிறகு பேசலாம்” என்ற பதில்தான் வரும். கடைசியில் வாசல் எண்ணோடு ஒப்பிட்டு ஒரே வார்த்தை சொல்வார்: “இயல்பு.”

இதெல்லாம் எனக்குச் சம்மதம். சம்மதமில்லாத விதி ஒன்று உண்டு. அளந்து முடிக்கும் வரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. “காபி குடிச்சிட்டா எண் மேல கருணை வந்துடும் ஏழுமலை” என்பார். ஏழுமலை நான்தான். எத்தனையோ வீடுகளில் சுடச்சுட வந்த வடை என் கண் முன்னாலேயே ஆறிப்போயிருக்கிறது. அந்தப் பாவத்துக்கு எந்தச் சராசரியும் ஈடாகாது.

இன்னொரு தொல்லை மீட்டரின் சத்தம். கதிர்வீச்சைப் பிடிக்கும்போதெல்லாம் அது ‘டிக்’ என்று சொல்லும். ஜனங்கள் பயப்படுவார்கள் என்று சத்தத்தை நிறுத்த ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். ஒலக்கூர் பக்கம் ஒரு விவசாயி, இது போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்கிற மெஷின் என்று நினைத்து, என் கையிலிருந்து பிடுங்கித் தன் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை முழுக்க ஓடினார். வரப்பு தடுக்கிக் குப்புற விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவிட்ச் செத்துப்போனது. அன்றிலிருந்து மீட்டரை ஆன் செய்தால் டிக் டிக்தான். மேடம் தன் கைக்குட்டையை அதன் வாயில் கட்டிப் பார்த்தார். பல்வலிக்காரன் மாதிரி ஆனதே தவிர வாய் அடங்கவில்லை.

இந்த நிலையில்தான் லைட் செட் வேணு எங்கள் ஆபீசுக்கு வந்தார். திண்டிவனத்துக்காரர். கல்யாணம், கோயில் திருவிழாவுக்கு சீரியல் லைட்டும் மைக்செட்டும் வாடகைக்கு விடுகிறவர். பெரிய மீசை. அந்த மீசைக்காரர் வந்த வேகத்தில் மேடத்தின் மேஜை முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

“என் பொண்ணு கவிதா மாசமா இருக்குது மேடம். வர்ற வெள்ளிக்கெழம வளைகாப்பு. தலப் பிரசவம், தாய் வூட்டுக்கு அழைச்சிக்கினு வரணும். சம்பந்தி அனுப்ப மாட்டேன்றாரு. ‘உன் வூட்ல கருங்கல் தரை போட்டிருக்க, அதுல கதிர்வீச்சு வருது, வயித்துப் புள்ளைக்கு ஆவாது’ன்னு வாட்ஸப்ல ஒரு வீடியோவ காட்றாரு. எம்பொண்டாட்டி சரோஜா சோறு தண்ணி எறங்காம கெடக்குறா. அனுப்பலன்னா செத்துப்போவா மேடம்.”

“சம்பந்தி என்ன வேலை பார்க்கிறார்?” என்று மேடம் கேட்டார்.

“விழுப்புரத்துல டைல்ஸ் கடை வெச்சிருக்காரு.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேணு புதுவீடு கட்டியபோது சம்பந்தி கடையில் டைல்ஸ் வாங்காமல் பக்கத்துக் குவாரியிலிருந்து கறுப்புக் கல் இறக்கிவிட்டாராம். அந்தக் கோபம் சம்பந்திக்கு உள்ளே புகைந்துகொண்டே இருந்திருக்கிறது. வீடியோ வந்ததும் பற்றிக்கொண்டது.

“வெள்ளிக்கெழமைக்குள்ள தரைய பேத்துட்டா அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு. மேஸ்திரிய நாளைக்கு வரச் சொல்லிட்டேன்” என்று வேணு மூக்கைச் சிந்தினார்.

“மேஸ்திரி வரட்டும். உளியை மட்டும் வெளிய வெக்கச் சொல்லுங்க. சம்பந்தியும் வரட்டும்” என்றார் மேடம்.

மறுநாள் காலை திண்டிவனம். வீடு அழகாக இருந்தது. கறுப்புக் கல் தரையில் முகம் தெரிந்தது. சம்பந்தி பாலசுந்தரம் வாசலிலேயே நின்றார். சஃபாரி உடை, மூக்கில் கைக்குட்டை. கதிர்வீச்சு மூக்கு வழியாகத்தான் ஏறும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். காசி மேஸ்திரி உளியை வெளியே வைத்துவிட்டுச் சம்மட்டியோடு உள்ளே நின்றார். சரோஜா அம்மா ஒரு தட்டு நிறைய மசால் வடையோடு எங்களை வரவேற்றார். மேடம் தலையை ஆட்டி மறுத்தார். நான் தட்டுக்கு மனதுக்குள் விடை கொடுத்தேன்.

முதலில் வாசல். பிறகு கூடம். டிக்... டிக்... என்று சோம்பலாகச் சொல்லிக்கொண்டிருந்தது மீட்டர். கவிதா வந்தால் படுக்கவிருந்த அறைக்குப் போனோம். புதுக் கட்டில், புதுப் பாய், சுவரில் ஒரு குண்டுக் குழந்தையின் படம். அங்கும் வாசல் எண்ணேதான். கறுப்புக் கல் பொதுவாகவே சாது. கதிர்வீச்சில் கொஞ்சம் துள்ளுவது சிவப்புக் கல்தான், அதுகூடப் பயப்படும்படி இருக்காது. சரோஜா அம்மாவின் முகத்தில் உயிர் வந்தது.

“எல்லா ரூமும் பாக்கணும்” என்றார் பாலசுந்தரம், கைக்குட்டைக்குள்ளிருந்து.

எஞ்சியிருந்தது சின்னப் பூஜை அறை. நான் மீட்டரோடு உள்ளே காலை வைத்தேன். டிக் டிக் டிக்டிக்டிக்டிக்டிக் என்று அது அலறியது. காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டது மாதிரி வெடித்தது. அத்தனை வருட சர்வீஸில் ஒரு வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

“பாத்தீங்களா! நான் சொன்னேனே!” என்று பாலசுந்தரம் வாசற்படியிலிருந்து தெருவுக்கு ஓடினார்.

சரோஜா அம்மா ஓடவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். “அம்மா தாயே! என் வூட்டுக்கு வந்துட்டியா!” என்றார். எதிரே சுவர் அலமாரியில் பெரிய அம்மன் படம், மஞ்சளும் குங்குமமுமாக.

அந்தக் குரல் தெருவுக்குக் கேட்டது. திண்டிவனத்தில் ஒரு தெருவுக்குக் கேட்டால் மூன்று தெருவுக்குக் கேட்ட மாதிரி. கொஞ்ச நேரத்தில் கூடம் நிறைந்துவிட்டது. ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஒருவர் மீட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மீட்டருக்கு முன்னால் ஒரு தட்டில் சில்லறை விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. டிக் டிக்குக்குத் தகுந்தபடி ஆடிக்கொண்டே, “ஆண் கொழந்தடா! ஆடி மாசம் எனக்குக் கூழு ஊத்தணும்டா!” என்றார். நான் மீட்டரைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன். டிக் குறைந்தது, அந்த அம்மாவின் ஆட்டமும் குறைந்தது. மீண்டும் முன்னால் நீட்டினேன், ஆட்டம் ஏறியது. விளையாட்டுக்குச் செய்யவில்லை. கொஞ்சம் விளையாட்டுக்குத்தான்.

“மேஸ்திரி, மொதல்ல இந்த ரூம் தரைய ஒடைப்பா!” என்று வாசலிலிருந்து பாலசுந்தரம் கத்தினார். காசி சம்மட்டியை ஓங்கினார். வேணு தன் மீசையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

“எண் இன்னும் நிக்கல” என்றார் மேடம். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் சம்மட்டி நின்றது, சாமியும் நின்றது.

பிறகு மேடம் செய்ததைத்தான் புதியவர்கள் கவனிக்க வேண்டும். மீட்டரை என்னிடமிருந்து வாங்கித் தரையில் வைத்தார். டிக் குறைந்தது. இடுப்பு உயரத்துக்குத் தூக்கினார், கூடியது. தோள் உயரத்தில் இன்னும் கூடியது. ஒரு கை தூரம் பின்னால் வந்தார், டிக் சடாரென்று குறைந்தது.

“மேஸ்திரி, இந்தத் தரைக் கல்லும் கூடத்துக் கல்லும் வேற வேறயா?”

“ஒரே குவாரி, ஒரே லோடுங்க மேடம்.”

“அப்போ கல் மேல தப்பு இல்ல. கல்லா இருந்தா தரையிலதான் அதிகமா கத்தணும். இது மேல போகப் போகக் கத்துது.” மீட்டர் மெல்ல அம்மன் படத்தின் அருகே போனது. அங்கேதான் உச்சம். மேடம் திரும்பினார். “வேணு, படத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு?”

வேணுவின் முகம் சாம்பலானது. “ஒண்ணும் இல்லீங்க மேடம். சாமி சமாச்சாரம். தொடக்கூடாது.”

கூடத்தில் ஆளுக்கு ஒரு யோசனை ஓடியது. பாலசுந்தரம் கைக்குட்டையை எடுத்துவிட்டு உள்ளே வந்தார். தங்கக்கட்டி என்று அவர் நினைத்திருக்கலாம், கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது. சரோஜா அம்மா வேறு ஏதோ நினைத்தார். “எவ குடுத்த ஃபோட்டோவ அம்மனுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்க?” என்றார். வேணு பதில் சொல்வதற்குள் அவரே படத்தை நகர்த்திக் கையை விட்டார்.

வெளியே வந்தது துருப்பிடித்த பழைய பிஸ்கட் டின். திறந்தால், அடுக்கடுக்காகக் காஸ் லைட் மேண்டில் பாக்கெட்டுகள். பழைய கல்யாண ஊர்வலங்களில் தலையில் சுமந்துகொண்டு போவார்களே, அந்தக் காஸ் லைட்டுக்குள் பளிச்சென்று எரிகிற வலைப்பை. வேணு அந்த லைட்டுகளை வாடகைக்கு விட்டுத்தான் தொழிலை ஆரம்பித்தவர்.

சரோஜா அம்மா டின்னையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“புது வூட்டுக்கு வர்றப்போ இந்தக் குப்பையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன்னு என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணியேய்யா!”

“மத்ததெல்லாம் போட்டுட்டேன் சரோஜா. இது மொத மொத வாங்கின சரக்கு. ராசி. இத வெச்சித்தான் இந்த வூடே வந்துது...”

“இத வெச்சித்தான்யா வூடு போவப் பாத்துது!”

மேடம் இருவருக்கும் நடுவே புகுந்தார். அந்தக் காலத்து மேண்டிலில் தோரியம் என்ற ஒன்றைத் தோய்த்திருப்பார்கள், அதனால்தான் அப்படி வெளிச்சம் வரும், மீட்டர் கத்தியதும் அதற்குத்தான் என்றார். டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் படுக்கவில்லை, ஒரு கை தூரத்திலேயே அடங்கிவிடுகிறது, அதனால் இதுவரை இருந்ததற்குக் கவலை வேண்டாம். இனி வீட்டில் வேண்டாம், பிரித்துத் தூள் பறக்கவிடவும் வேண்டாம். நான் டின்னை மூடி ஜீப்பில் வைத்துவிட்டு வந்தேன். பூஜை அறையில் மீட்டர் டிக்... டிக்... என்று மீண்டும் சோம்பல் முறித்தது. பக்கத்து வீட்டு அம்மா கூழைப் பற்றிப் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

“இயல்பு” என்றார் மேடம்.

பாலசுந்தரம் விடவில்லை. “அந்த டின்னு சரிங்க. கல்லுலயும் கொஞ்சம் இருக்குதில்ல. கொஞ்சமோ நஞ்சமோ, என் மருமகளுக்கு எதுக்கு? எங்க வூட்லயே இருந்துட்டுப் போவுது.”

சரோஜா அம்மா சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழக்கூட இல்லை. எனக்கு மனசு என்னவோ செய்தது. அன்றைக்கு மட்டும் வடை ஞாபகம் எனக்கு வரவில்லை.

மேடம் குடையை எடுத்தார். “நியாயம்தான். எது கம்மின்னு தெரியணும்னா ரெண்டு வீட்டையும் பார்க்கணும். வாங்க, உங்க வீட்டுக்கு.”

வேணுவும் சரோஜா அம்மாவும் ஜீப்பில் ஏறிக்கொள்ள, விழுப்புரம் போனோம். கீழே டைல்ஸ் கடை, மாடியில் வீடு. கவிதா ஏழெட்டுத் தலையணைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழப்போனவளைப் பாலசுந்தரம் கையமர்த்தினார். வாசல் எண் எடுத்தோம். திண்டிவனம் வாசலும் இதுவும் ஒன்றுதான். மாடிக்குப் போனோம். தரை, சுவர், சமையலறை, பால்கனி, எங்கும் பளபள டைல்ஸ். மீட்டர் டிக்கிய விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேடம் எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். டைல்ஸுக்கு அந்தப் பளபளப்பு கொடுக்கிற மேல்பூச்சில் ஒரு மணல் சேர்ப்பார்கள். அதற்கும் கொஞ்சம் டிக் உண்டு.

“திண்டிவனத்தை விட இங்க ஒரு துளி கூடுதல்” என்றார் மேடம்.

பாலசுந்தரம் மேடத்தின் காதருகே குனிந்தார். ரகசியம் பேசுவதாக அவர் நினைப்பு, எல்லோருக்கும் கேட்டது. “மேடம், கீழ கடை இருக்குது. இது வெளிய தெரிஞ்சா என் பொழப்பு பேஜாராயிடும். இது ஆபத்தா மேடம்?”

“ஒரு ஆபத்தும் இல்ல. துளிதான். உங்க டைல்ஸும் இயல்பு, அவர் கல்லும் இயல்பு.”

“அதான! துளிக்கு யாராவது பயப்படுவாங்களா?” என்று பாலசுந்தரம் பெரிய மூச்சு விட்டார்.

அப்போதுதான் தலையணைகளுக்கு நடுவிலிருந்து கவிதா வாயைத் திறந்தாள். மிகவும் பணிவாகத்தான் கேட்டாள்.

“மாமா, கொஞ்சமோ நஞ்சமோ, எங்க கம்மியோ அங்கதான் நான் இருக்கணும்னு தெனமும் சொன்னீங்க. அப்போ நான் எங்கம்மா வூட்டுக்குத்தானே போவணும்?”

பாலசுந்தரம் மீட்டரைப் பார்த்தார். மீட்டர் டிக் என்றது. மேடத்தைப் பார்த்தார். மேடம் குடையை மடித்துக்கொண்டிருந்தார். “வெள்ளிக்கெழம வளையல் போட்டதும் நானே கார்ல கொண்டாந்து வுடறேன் சம்பந்தி” என்றார் கடைசியில். சரோஜா அம்மா எழுந்து போய் மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். அந்த வீட்டில் காபி நன்றாக இருந்தது.

பெண் குழந்தை பிறந்தது. சாமி வாக்கு பொய்த்தது என்று சரோஜா அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை.

குழந்தையின் மூன்றாம் மாதம் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. இந்த முறை பாலசுந்தரம். “மேடம், பேத்திய எங்க வூட்டுக்கு அனுப்ப மாட்டேன்றாங்க! ‘உங்க வூட்லதான் ஒரு துளி கூடுதல், மேடமே சொன்னாங்க’ன்றாங்க. ஜல்தி வாங்க மேடம்!” என்று புலம்பினார்.

பாலசுந்தரத்தையும் ஏற்றிக்கொண்டு திண்டிவனம் போனோம். நான் மீட்டர் பையைத் தோளில் மாட்டியிருந்தேன். மேடம் அதைத் தொடவே இல்லை. நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். “சரோஜா, முதல்ல காபி. இன்னைக்கு அளக்க வரல” என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. காபியை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “நான் அன்னைக்கு எண்ணு சொன்னேன். அதை எடுத்து நீங்க ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்காதீங்க. குழந்தைக்கு ரெண்டு வீடும் வேணும்.”

சரோஜா அம்மா காபி டம்ளரை வாங்கி வைத்தார். பிறகு குழந்தையின் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தார். கண்ணீர் அந்தத் துணிகளின் மேலேயே விழுந்தது. எல்லாம் முடிந்ததும் என்னிடம் வந்தார். “சார், போறதுக்கு முன்ன கொழந்தைக்கு ஒரு தரம் வெச்சுப் பாத்துடுங்க. திருஷ்டி கழிச்ச மாதிரி இருக்கும்.” மேடம் தலையசைத்தார்.

முதலில் வாசலுக்குப் போய் எண் எடுத்தேன். பிறகு குழந்தையின் அருகே மீட்டரைக் கொண்டுபோனேன்.

டிக்டிக்டிக்டிக்டிக்.

கவிதாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது. பாலசுந்தரம் இம்முறை ஓடவில்லை, குழந்தையை நோக்கி ஓர் அடி வைத்தார். மேடம் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல நகர்த்தினார். குழந்தையின் காலருகே குறைந்தது. வயிற்றருகே குறைந்தது. தலைமாட்டில் ஏறியது. மேடம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கேழ்வரகு அடைத்த அதன் சின்னத் தலையணையை என் பக்கம் தள்ளினார். உறையைத் திறந்து கையை விட்டேன்.

ஒரே ஒரு மேண்டில் பாக்கெட்.

எல்லோரும் வேணுவைப் பார்த்தார்கள். “ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அன்னிக்கு எங்கள ஜீப்புல திரும்பக் கொண்டாந்து வுட்டப்போ டின்னுலேர்ந்து தனியா எடுத்து வெச்சிட்டேன். நீங்க வந்தா அனுப்பத்தான் சொல்வீங்க, புள்ள போற எடத்துல ராசியா இருக்கட்டும்னு காலைலதான் வெச்சேன்...” என்று மீசைக்குள் முணுமுணுத்தார்.

பாக்கெட்டை ஜீப்புக்குக் கொண்டுபோய்விட்டு வந்து மீண்டும் பார்த்தோம். டிக்... டிக்... வாசல் எண்தான். “இயல்பு” என்றார் மேடம். குழந்தை இத்தனைக்கு நடுவிலும் தூங்கிக்கொண்டிருந்தது.

சரோஜா அம்மா மேடத்தின் கையிலிருந்து பேத்தியை வாங்கி, நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தார். அப்படியே பாலசுந்தரத்தின் கையில் வைத்தார்.

“எடுத்துக்கினு போங்க சம்பந்தி. உங்க வூட்ல ஒரு துளிதான் கூடுதல். இங்க இந்த மனுஷன் இருக்காரு.”